மணிக்கு 15 கிலோமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன் என்றதும் பலரும் கேட்பது, "எவ்வளவு வேகத்தில் போவீர்கள்?" என்பதுதான்.

பிரெவே என்னும் இந்தப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம் தருகிறார்கள். 300க்கு 20 மணி நேரம், 600க்கு 40. வகுத்துப் பாருங்கள், எல்லாமே மணிக்கு 15 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். காலையில் கேன் மாட்டிக்கொண்டு பால் ஊற்றப் போகிறவரே அந்த வேகத்தில் போவார். இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

பிறகு எதில்தான் கஷ்டம்? நிற்பதில். நீங்கள் டீ குடிக்கும்போதும் கடிகாரம் ஓடுகிறது.

என் முதல் 300, ஒரு ஜனவரி மாதம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போய்த் திரும்ப வேண்டும். காலை 5 மணிக்குக் கிளம்பி, நண்பகலில் புதுச்சேரி. கால் நன்றாகப் பழகிவிட்டது என்று நம்பி, சாப்பிட்டுக் கால் நீட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வடக்கே மிதித்த பிறகுதான் தெரிந்தது, காலையில் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது வாடைக்காற்று என்று. இப்போது அது நேர் எதிரே. மரக்காணம் வெறும் 35 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம் ஆனது.

அங்கே ஒரு டீக்கடையில் பெஞ்சைப் பார்த்ததும் உட்காரப் போனேன். கடைக்கார அம்மா, உப்பளத்தில் பல வருஷம் வேலை பார்த்தவராம், "உட்காராதே தம்பி, முட்டி பிடிச்சுக்கும். நின்னபடியே குடி" என்றார். டீயை நாலு தடவை ஆற்றி, உடனே குடிக்கிற சூட்டில் கையில் கொடுத்தார். வாழைப்பழம் இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஐந்தே நிமிஷம். இரவு 12.40க்கு வந்து சேர்ந்தேன், கெடு 1 மணி. அந்தப் பெஞ்சில் அரை மணி உட்கார்ந்திருந்தால் அட்டை செல்லாது. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: மெதுவாக ஓட்டலாம், மெதுவாக நிற்கக் கூடாது.

பிரான்ஸில் 1891இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணம் இன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். வழிநெடுக ஊர்க்காரர்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, முன்பின் தெரியாதவர்களுக்குத் தண்ணீரும் காபியும் கொடுக்கிறார்கள். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மரக்காணத்து அம்மாவின் நினைவுதான் வரும்.

இரவுத் தூக்கம், விளக்குகள், மினுங்கும் மேல்சட்டை பற்றியெல்லாம் குறிப்பு எடுத்து வந்தேன். நேரம் முடிந்தது என்று அறைக்கு வெளியிலிருந்து கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சீட்டில் உட்கார்ந்து, மிதியைக் கீழே இறக்கி, அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். மடங்கினால் சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், முழங்கால் வலி குறையும். நன்றி, வணக்கம்.