தலைக்குந்தா உறைபனியும் இமயமலைப் பனிச்சரிவும்

(காட்சி: தலைக்குந்தா புல்வெளி, அதிகாலை)

வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் நிற்கிறேன். புல் முழுக்க உப்பு தூவிய மாதிரி உறைபனி. இந்த ஒரு புல்லை மட்டும் பாருங்கள்.

(நெருக்கக் காட்சி)

விளிம்பெல்லாம் குட்டிக் குட்டி இறகுகள். ஊதினால் ஆடுகின்றன, விரல் பட்டால் உதிர்கின்றன. நேற்று ராத்திரி மேகமும் இல்லை, காற்றும் இல்லை. தரையின் சூடு வானத்துக்குப் போய்விட்டது. காற்றிலிருந்த ஈரம், தண்ணீராக மாறாமல் நேராகவே பனிப் படிகமாகப் புல்லில் ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறினால் இங்கே இது போய்விடும்.

இமயமலைக் குளிரில் போகாமலே இருந்துவிடலாம். அங்கே பழைய பனியின் மேல் இதே இறகுகள் வளரும். அடுத்த நாள் அதன் மேல் ஒரு அடி புதுப்பனி விழுந்தால், இவை அப்படியே உள்ளே புதைந்துவிடும். மேலே கனமான பலகை, அடியில் தொட்டாலே உதிரும் இந்தப் படிகம். அந்தச் சரிவில் ஒரு ஆள் கால் வைத்தாலே போதும், பலகை உடைந்து சரியும். அதுதான் பனிச்சரிவு.

டிசம்பரில் உத்தரகாண்டில் உள்ள கேதார்கந்தா சிகரத்துக்கு மலையேறப் பை கட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ‘சீசன் ஆரம்பம்தானே, பனி கொஞ்சமாத்தான் இருக்கும்’ என்கிறார்கள். எனக்குக் கவலையே அந்தக் ‘கொஞ்சம்’தான்.

ஏன்? பனிக்கு அடியில் தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும். மேலே மைனஸ் 10 என்று வையுங்கள். பனி ஒரு மீட்டர் கனம் என்றால், 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிதான் வித்தியாசம். 30 சென்டிமீட்டர்தான் என்றால், அதே 10 சென்டிமீட்டருக்கு 3 டிகிரிக்கு மேல். அடியிலிருந்து ஆவி வேகமாக மேலேறும், பனியின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பெரிதாகும். கையில் அள்ளினால் வறுத்த ரவை மாதிரி விரலிடுக்கில் ஒழுகும், உருண்டை பிடிக்க வராது. அடுத்து விழும் பனி முழுவதும் அந்த ரவையின் மேல்தான் உட்கார வேண்டும்.

பனிச்சரிவை ஆங்கிலத்தில் ‘அவலாஞ்ச்’ என்பார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நம் அவலாஞ்சிக்குப் பெயர் வந்ததும் ஒரு சரிவால்தான். ஆனால் அது மண்சரிவு. மண் சரிவதற்கு முன் என்ன காட்டும் என்று நமக்குத் தெரியும், பனி காட்டுவது தெரியாது.

2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவு. மலையேற்றப் பயிற்சிக்குப் போனவர்கள் சிக்கினார்கள். 27 உடல்கள் மீட்கப்பட்டன. அது அக்டோபர் முதல் வாரம், குளிர்காலம் தொடங்கக்கூட இல்லை.

சரி, எதைக் கவனிப்பது? கால் வைத்ததும் ‘உம்ப்’ என்று பனி உள்ளே அமுங்கும் சத்தம். காலடியிலிருந்து ஓடும் விரிசல். பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம். ஒன்றைப் பார்த்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கொடுத்த பணத்தை நினைக்காதீர்கள்.

புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குள் வெளியிலிருந்து யாரும் வர முடியாது, கூட நடப்பவர்தான் தோண்டியாக வேண்டும். பனிச்சரிவு வரும் பாதை என்றால் டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, சிறிய மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

அப்புறம், சரிவின் கோணம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் கிளம்புகின்றன. இதை இங்கேயே பழகலாம். தேயிலைத் தோட்டச் சரிவில் ஒரு கம்பைப் படுக்க வைத்து, போனில் கோணம் அளக்கும் ஆப்பைத் திறந்து மேலே வையுங்கள். முதலில் கண்ணால் ஒரு கணக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் போனைப் பாருங்கள்.