தர்பூசணி விதையும் அம்மாவின் பிபி மாத்திரையும்

வணக்கம் மக்களே. இந்தத் தட்டைக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். தர்பூசணி விதை. கழுவி, மொட்டை மாடியில் மூன்று நாள் காய வைத்தது. நகவெட்டியால் நுனியை லேசாக நெரித்தால் கறுப்பு ஓடு பிளந்துகொள்ளும். உள்ளே வெள்ளையாக, தட்டையாக இருக்கிறதே, இந்தப் பருப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

காரணம் என் அம்மா. அவருக்கு எட்டு வருடமாக பிபி உண்டு. ஒரு நாள் சாயங்காலம் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். அளந்து பார்த்தால் 170க்கு மேல். விசாரித்தால், பத்து நாளாக மாத்திரையே போடவில்லை! இந்த விதையில் இருக்கும் பெப்டைடு மாத்திரை செய்கிற வேலையை அப்படியே செய்யும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்ததாம். தினமும் ஒரு பிடி வறுத்துச் சாப்பிட்டிருக்கிறார். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது.

அன்றிலிருந்து இதைத் தேடித் தேடிப் படித்தேன். அந்த வீடியோ முழுப் பொய் இல்லை, அதனால்தான் அம்மா நம்பிவிட்டார். காய்ந்த பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் புரதம் இருக்கிறது. புரதத்தை ஒரு பூச்சரமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவும் ஒரு அமினோ அமிலம். அந்தச் சரத்திலிருந்து இரண்டு பூ, ஐந்து பூ, பத்து பூ என்று நறுக்கிய துண்டுதான் பெப்டைடு. விதைக்குள் புரதம் பெரும்பாலும் முழுச் சரமாகத்தான் இருக்கும். நம் வயிற்றில் பெப்சின் அதை வெட்டும், சிறுகுடலில் டிரிப்சின் வெட்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் ஆல்கலேஸ் என்ற நொதியை ஊற்றி வெட்டுகிறார்கள். துணி துவைக்கும் பவுடரில் கறை போகச் சேர்க்கிறார்களே, அந்த வகை நொதிதான். ஒவ்வொரு நொதியும் வெட்டும் இடம் வேறு. அதனால் ஆய்வகத்தில் கிடைத்த துண்டு அம்மாவின் வயிற்றிலும் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இப்படிக் கிடைக்கும் துண்டுகளில் சில, ஏசிஇ என்ற நொதியைச் சோதனைக் குழாயில் அடக்குகின்றன. ரத்தக்குழாயை இறுக்கும் பொருளை நம் உடம்பில் உண்டாக்குவது இந்த ஏசிஇதான். அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், ரமிப்ரில். 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள் எல்லாமே ஏசிஇயைத்தான் அடக்குகின்றன.

அந்த மாத்திரைகளின் கதை பாம்பு விஷத்திலிருந்து தொடங்குகிறது. பிரேசிலில் ஜராராகா என்று ஒரு விரியன். செர்ஜியோ ஃபெரைரா என்ற விஞ்ஞானி 1965இல் அதன் விஷத்தை ஆராய்ந்து எழுதினார். அந்த விஷத்தில் இருந்த ஒரு பெப்டைடு, ஒன்பதே ஒன்பது அமினோ அமிலம், மனிதர்களுக்கு ரத்த அழுத்தத்தை நன்றாகவே இறக்கியது. ஆனால் ஊசியாகப் போட்டால் மட்டும்தான்! வாய் வழியாகக் கொடுத்தால் பலன் இல்லை, குடலிலேயே சிதைந்துவிடும். அதனால் அதே வேலையைச் செய்கிற சின்ன மூலக்கூறு ஒன்றை உருவாக்கி, 1981இல் கேப்டோப்ரில் என்ற மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். அத்தனை வீரியமான பெப்டைடே குடலைத் தாண்டவில்லை என்றால், வறுத்த விதையை நம்பி மாத்திரையை எப்படி நிறுத்துவது? இரண்டு மூன்று அமினோ அமிலம் உள்ள குட்டித் துண்டுகள் குடலைத் தாண்டுவது உண்டு. ஆராய்ச்சியாளர்களின் நம்பிக்கையே அவற்றின் மேல்தான், எனக்கும் அதில் ஆசை இருக்கிறது. ஆனால் அது மாத்திரைக்கு மாற்றாக இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி நிறுத்தியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. விதை நல்லது என்று கேட்டுவிட்டு ஆப்ரிகாட், பிளம், பீச் கொட்டைகளை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்னாதீர்கள். அதில் அமிக்டலின் இருக்கிறது, உடம்புக்குள் போய் சயனைடாக மாறும். பலாக்கொட்டையையும் பச்சையாக வேண்டாம், புரதத்தைச் செரிக்கவிடாத பொருள் அதில் உண்டு. நாம் எப்போதும் செய்கிற மாதிரி நன்றாக வேகவைத்துவிட்டால் சரியாகிவிடும்.

தர்பூசணி விதையை நான் விடவில்லை. புரதம், மெக்னீசியம் எல்லாம் இருக்கிற அருமையான சாப்பாடு அது. கடையில் உப்புப் போட்டு வறுத்ததை மட்டும் பிபி இருப்பவர்கள் வாங்காதீர்கள். வீட்டில் இரும்புச் சட்டியைச் சின்னத் தீயில் வைத்து, பருப்பு படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, காய்ந்த மிளகாய், உளுந்து, பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். உப்பு பேருக்குக் கொஞ்சம் போதும். அம்மா இப்போது காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, அந்தப் பொடியைத் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறார். நேற்று அளந்தோம், 132க்கு 84.