துண்டு போடும் பரம்பரை

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். எதிரணியினர் என் வணக்கத்துக்கு முன்பதிவு செய்யவில்லை, ஆனாலும் தருகிறேன்.

வெளிநாடு போனால் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பது எங்கள் அணி. "பிரான்சின் டிஜிவி அதிவேக ரயிலில் பயண நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்" என்றார் எதிரணித் தலைவி. சரி, அங்கே எடுங்கள். நான் ஜப்பானுக்குப் போகிறேன்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ. புல்லட் ரயில். என் மச்சான் ஒரு மாதம் முன்னாலேயே பதிவு செய்துவிட்டார். 9 மணி வண்டி, வலப்பக்க ஜன்னல், ஃபூஜி மலை தெரிகிற 'இ' இருக்கை. அம்மா பார்க்க வேண்டுமாம். ஆனால் மனிதருக்கு எழும்பூர்ப் பழக்கம். ஏழரைக்கே பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டார். புளியோதரையைப் பிரித்தோம்.

அந்தப் பாதையில் நொசோமி என்கிற புல்லட் ரயில் நெரிசல் வேளையில் மணிக்குப் பத்துக்கு மேல் ஓடும். ஒன்று வந்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் இடம் காலி. "மச்சான், ஏறிடலாமா?" "நம்ம வண்டி ஒன்பதுக்கு!" அடுத்தது வந்தது. "மச்சான்..." "ஒன்பது!" ஏழாவது வண்டியிலிருந்து ஒரு குழந்தை அம்மாவுக்கு டாட்டா காட்டியது. அம்மாவும் காட்டினார். எட்டாவது வண்டிக்குள் புளியோதரை தீர்ந்தது.

ஒன்பதுக்கு ஏறினோம். முக்கால் மணி நேரத்தில் மலை வர வேண்டிய இடத்தில் ஒரே மேகம்! மச்சான் அந்த மேகத்தையும் போட்டோ எடுத்தார். காசு கொடுத்த ஜன்னலாயிற்றே.

புத்தாண்டு நெரிசலில் நொசோமி முழுக்க முன்பதிவுதானே என்பீர்கள். 2023 கடைசியிலிருந்து அப்படித்தான். நாங்கள் போனது சாதாரண நாள். விடுங்கள்.

எதிரணி நண்பர் என்னைத் "துண்டு போட்டு இடம் பிடிக்கிற பரம்பரை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஆமாம் ஐயா, அதே பரம்பரைதான். எழும்பூரில் வண்டி நிற்கும் முன்பே அப்பா ஜன்னல் வழியாகத் துண்டை எறிவார். அந்த இடத்தில் அம்மா உட்காருவார், மடியில் நான். திருநெல்வேலி வரை அப்பா நின்றுகொண்டே வருவார். அந்தத் துண்டு ஒரு நாளும் அவருக்காக விழுந்ததில்லை.

கியோட்டோவிலிருந்து திரும்பும்போது நாங்கள் பதிவு செய்யவில்லை. பெட்டி நிறைந்திருந்தது. வழியில் ஜன்னலோரப் பெரியவர் ஒருவர் வெளியே கைகாட்டி ஏதோ சொன்னார். எழுந்து அம்மாவை உட்கார வைத்தார். ஃபூஜி! முழுசாக, தலையில் பனியோடு.

அம்மா மலையை ஒரு நிமிடம்தான் பார்த்தார். அப்புறம் நின்றுகொண்டிருந்த அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டு வந்தார். மெதுவாக என் கையைத் தொட்டு, "எங்கயாவது ஒரு துண்டைப் போட்டு அவருக்கு இடம் பிடிடா" என்றார்.