வீட்டு ஏசி உடலுக்குக் காவலா, கேடா? ‘காவலே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பு நண்பர்களே, அழைப்பிதழையே விசிறியாக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் குடியிருப்புப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். ஏசி தும்மலும் மூக்கடைப்பும் தருகிறது. நம் தாத்தா பாட்டி மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்து நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஏசியில் பழகிய உடம்பு வெயிலைத் தாங்காது. நல்ல கைதட்டல் வாங்கினார். பேசி முடித்த கையோடு நாற்காலியை மேடை ஓரத்து ஏர்கூலர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். நடுவர் கவனித்திருப்பீர்கள்.

மொட்டைமாடிப் பாட்டியிலிருந்தே தொடங்குகிறேன். தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டியை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கத்திரி வெயிலில் ராத்திரி படுத்து காலையில் எழுந்திருக்காத பாட்டியை யார் கணக்கில் வைத்தோம்? “வயசாயிடுச்சு, நல்ல சாவு” என்று சொல்லிவிட்டோம். வெயிலால் வந்த சாவு பெரும்பாலும் வெயில் பெயரில் பதிவாவதில்லை. மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் சான்றிதழில் இருக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் வேறு வழியில் எண்ணுகிறார்கள். வழக்கமாக அந்த மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருடம் எத்தனை பேர் கூடுதல் என்று பார்க்கிறார்கள். 2010 மே மாத வெப்ப அலைக்குப் பிறகு அகமதாபாத்தில் அப்படி எண்ணியபோது, அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,344 சாவுகள் கூடுதல். அந்த அதிர்ச்சியில்தான் 2013ல் அந்த நகரம் வெப்பத்துக்கென்றே தனிச் செயல்திட்டம் போட்டது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பிரான்ஸ் ஏழை நாடு அல்ல, மருத்துவமனைக்குப் பஞ்சமும் இல்லை. அப்போது வீடுகளில் ஏசிதான் அபூர்வமாக இருந்தது.

1995 ஜூலையில் சிகாகோவில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தனியாக இருந்த வயதானவர்கள், கூரைக்கு நேர் கீழே மேல்மாடியில் குடியிருந்தவர்கள், திருட்டுப் பயத்தில் ஜன்னலைச் சாத்தி வைத்தவர்கள் அதிகம் இறந்தார்கள். அப்புறம் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் ஓடுகிற நிலையில் ஏசி இருந்தவர்களுக்கு அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஒரே ஒரு ஊரை வைத்துப் பேசாதே என்பீர்கள். சரி. அமெரிக்கா முழுவதற்கும் 20ஆம் நூற்றாண்டின் இறப்புப் பதிவுகளை எடுத்து ஒரு பொருளாதார ஆய்வுக் குழு அலசியது. கடும் வெப்ப நாட்களால் வரும் இறப்பு அந்த நூற்றாண்டில் சுமார் 75 சதவீதம் குறைந்திருந்தது. குறைவு பெரும்பாலும் 1960க்குப் பிறகுதான். மருத்துவரா, மின்சாரமா, ஏசியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசியில், 1960க்குப் பிறகான குறைவை ஏறக்குறைய முழுவதுமாக விளக்கியது வீட்டு ஏசிதான். ஆபீஸ் ஏசி இல்லை நடுவர் அவர்களே, நம் தலைப்பில் இருக்கிற அதே வீட்டு ஏசி.

காரணம் புரியாத விஷயம் அல்ல. வெயிலில் உடம்பு தன் சூட்டைக் கழிக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. அதற்காக இதயம் கூடுதலாக அடிக்க வேண்டும். வியர்வை வர வேண்டும், வந்தது ஆவியாக வேண்டும். வேலூரில் 42 டிகிரி என்றாலும் வறண்ட காற்று, வியர்வை காய்ந்துவிடும். சென்னையில் 36 டிகிரிதான் இருக்கும், ஆனால் கடல் ஈரத்தில் வியர்வை காயாமல் வழிந்து வீணாகும். அங்கே ஏர்கூலர் இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும். தலைவரே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அதுதான். ஃபேன் நல்லதுதான். ஆனால் அறைக்காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால் ஃபேன் சூட்டைத்தான் நம்மேல் வீசும்.

இளவயதுக்காரர் இதைச் சமாளிப்பார். எழுபது, எண்பது வயதில் வியர்வை குறையும், தாகமே சரியாகத் தெரியாது. பிரஷருக்கும் கால்வீக்கத்துக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே கம்மி. பகலெல்லாம் வெந்த உடம்பு ராத்திரியாவது ஆற வேண்டும். பழைய வீட்டுக்குத் திண்ணையும் முற்றமும் ஓடும் இருந்தன. இன்று இருப்பது பகல் முழுக்க வெயிலைக் குடித்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அனலாகக் கக்கும் கான்கிரீட் தளம். மொட்டைமாடியிலோ தண்ணீர்த்தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் கொசுவும்தான் இருக்கின்றன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. எதிரணி இன்னும் பாயைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

கொசு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் டெக்சஸில் லாரெடோ என்று ஓர் ஊர். ஆற்றுக்கு அந்தக் கரையில் மெக்சிகோவின் நுவோ லாரெடோ. தட்பவெப்பம் ஒன்று, ஆட்கள் தினமும் பாலத்தில் போய் வருகிறார்கள். 1999ல் இரண்டு ஊரிலும் டெங்கு ஆய்வு நடந்தது. டெங்குக் கொசு அமெரிக்கப் பக்கம்தான் அதிகம். டெங்குத் தொற்றோ மெக்சிகோ பக்கம் அதிகம்! ஏசி போட்டு மூடிய வீட்டுக்குள் கொசுவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன முக்கியக் காரணம். கொசுவர்த்திப் புகை இல்லாமலே.

இப்போது தும்மலுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் சொன்ன தும்மல் பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஏப்ரலில் மெக்கானிக் வந்து ஏசிக்குக் கீழே நீலநிறப் பிளாஸ்டிக் பையைத் தூளி கட்டுவார். அட்டையைக் கழற்றினால் ஃபில்டர் வலை தெரியாது, மேலே சாம்பல் நிறத்தில் போர்வை போலத் தூசிதான் தெரியும். அதற்குள்ளே நீளமான உருளை மாதிரி ப்ளோயர். அதன் ஒவ்வொரு இதழிலும் கறுப்புப் பூசணம். பம்பை வைத்துத் தண்ணீர் அடித்தால் பைக்குள் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கும். குளிர்ந்த காயில் குழாய்களில் ஈரம் படிகிறது, தூசி அதில் ஒட்டுகிறது, பூசணம் வளர்கிறது. ஆறு மாதமாக அதன் வழியாக வந்த காற்றைச் சுவாசித்துவிட்டு, “எனக்கு ஏசி ஒத்துக்காது” என்றால் எப்படி? பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலையைக் குழாயில் காட்டிக் கழுவ ஐந்து நிமிடம்கூட ஆகாது. வீட்டில் அந்த வேலை யாருடையது என்பதில்தான் தகராறு, அது வேறு பட்டிமன்றம்.

சுத்தமான ஏசியோ அலர்ஜிக்காரருக்கு உதவியே செய்கிறது. மெத்தையில் வாழும் தூசிப்பூச்சிக்கு ஈரம் வேண்டும், காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது பிழைப்பது கஷ்டம். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்துத்தான் வெளியே குழாயில் சொட்டவிடுகிறது. ஏசியின் ஆரம்பமே அதுதான். 1902ல் வில்லிஸ் கேரியர் முதன்முதலில் வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல, நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகாமல் இருக்க.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் கையில் குறிப்பட்டை வைத்திருக்கிறார். அதில் 1976 பிலடெல்பியா இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் அந்த ஊர் ஹோட்டலில் ‘அமெரிக்கன் லெஜியன்’ சங்க மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர்கள் நிமோனியா வந்து இறந்தார்கள், அதற்கு லெஜியனேர்ஸ் நோய் என்றே பெயர் வந்தது. உண்மை. ஆனால் அந்தக் கிருமி பெருகும் இடம் பெரிய கட்டடங்களின் ஏசிக்கான தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவர், தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீர். உங்கள் படுக்கையறை ஸ்பிளிட் ஏசியில் கூலிங் டவர் எங்கே இருக்கிறது? எனவே அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திருப்பித் திருப்பிக் குளிர்விக்கிறது. நான்கு பேர் ஒரே அறையில் கதவைச் சாத்திப் படுத்தால் கரியமில வாயு ஏறும், காலையில் தலை பாரமாக இருக்கும். வீட்டில் ஒருவருக்குச் சளி என்றால் மற்றவருக்கும் சுலபமாகப் பரவும். படுக்கும் முன்னால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவை விரற்கடை விட்டுச் சாத்தினால் போதும். அதேபோல 18ல் வைத்து இரண்டு கம்பளி போர்த்திக்கொள்வது வைத்தியமும் இல்லை, சிக்கனமும் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையுடன் வரும் வீட்டு ஏசி, போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ரிமோட்டில் அதைக் கீழே இறக்குவது நம் விரல்தான். 26ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், தோலும் வறளாது, பில்லும் குறையும்.

உடம்பு பழகும் என்ற மூன்றாவது குற்றச்சாட்டில் பாதி சரி. வெயிலில் வேலை செய்கிற ஆரோக்கியமான உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் வெயிலுக்குப் பழகும். பகல் முழுக்கக் குளிரிலேயே கிடப்பவர் அதை இழக்கிறார். மாலையில் கொஞ்சம் வெளியே நடக்கட்டும், யார் தடுத்தார்கள்? பக்கவாதம் வந்து கட்டிலில் கிடப்பவரை எந்த வெயிலுக்குப் பழக்கப் போகிறீர்கள்?

நம் ஏசியின் அவுட்டோர் யூனிட் பக்கத்து வீட்டு ஜன்னலில் அனலை ஊதுகிறது என்று ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நியாயம். அதைச் சங்கக் கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்வோம். நான் வாங்க முடியாதவர்களைப் பற்றியும் பேசியிருப்பேன், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வி. எண்பது வயது, இதய நோய், நீர் மாத்திரை, மேல்மாடி வீடு, மே மாதம், ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் சுடுகிறது. அந்தப் பெரியவருக்கு ஏசி வேண்டாம் என்றால் வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.