யுரேகா கிளர்ச்சியில் ஓர் இத்தாலியர்

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில், பல்லாரட் தங்க வயலில் 1854இல் வெடித்த யுரேகா கிளர்ச்சி என்றதும், அதற்குத் தலைமை தாங்கிய அயர்லாந்துக்காரர் பீட்டர் லேலரின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். அவருடன் நின்ற ரஃபாயெல்லோ கார்போனி என்ற இத்தாலியரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

உர்பினோ நகரில் பிறந்து, இத்தாலிய ஒருமைப்பாட்டுப் போராட்டத்தில் ஈடுபட்டு, பிறகு தாய்நாட்டை விட்டு வெளியேறிய கார்போனி, பொன்னைத் தேடிப் பல்லாரட்டுக்கு வந்தார். அங்கே குழியில் பொன் தென்படப் பல மாதங்கள் தோண்ட வேண்டியிருந்தது. அரசோ, பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கேட்டது. உரிமச் சீட்டைச் சோதிக்கக் காவலர்கள் வருவதைக் கண்டால், தொழிலாளர்கள் "ஜோ, ஜோ" என்று கூவி ஒருவரையொருவர் எச்சரிப்பார்கள்.

நவம்பர் 30ஆம் தேதி, பேக்கரி ஹில் மேட்டில் கிளர்ச்சியாளர்களின் தென்சிலுவைக் கொடியின் கீழ் உறுதிமொழி எடுத்த கூட்டத்தில் ஆங்கிலம் அறியாத ஐரோப்பியர்களும் இருந்தனர். துப்பாக்கி கிடைக்காதவர்கள் ஐந்தாறு அங்குல நீள எஃகுத் துண்டு ஒன்றைக் கழியின் முனையில் பொருத்திக்கொள்ளட்டும் என்று அவர்களிடம் கூறும்படி லேலர் கேட்டுக்கொண்டது, பல மொழிகள் அறிந்த கார்போனியைத்தான். அதே நாளில், உரிமச் சோதனையில் கைதானவர்களை விடுவிக்கவும் அச்சோதனையை நிறுத்தவும் கோரி, தங்க வயலின் அரசு ஆணையர் ரீடிடம் சென்ற தூதுக்குழுவிலும் அவர் இருந்தார். அந்தக் கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு விடியலில் கிளர்ச்சியாளர்கள் மரக்கட்டைகளால் எழுப்பியிருந்த அரணை அரசுப் படையினரும் காவலர்களும் தாக்கியபோது, தாம் அதற்குள் இல்லை, அருகிலிருந்த கூடாரத்தில் இருந்ததாகக் கார்போனி எழுதியிருக்கிறார். காயமுற்றவர்களுக்கு உதவப் போன இடத்தில் அவர் கைதானார். பல மாதச் சிறைவாசத்துக்குப் பின், 1855 மார்ச்சில் அவர்மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. அவர் ஈட்டியோடு போரிட்டதாக அரசுத் தரப்புச் சாட்சிகள் கூறியதை நடுவர் குழு நம்பவில்லை. அவரோடு சேர்த்து, அவ்வழக்குகளில் விசாரிக்கப்பட்ட 13 பேரும் விடுதலையாயினர். மாதக் கட்டணம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுனுக்குச் சுரங்க உரிமை கிடைத்ததும் அதே 1855இல்தான்.

கிளர்ச்சியின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், தாம் ஆங்கிலத்தில் எழுதிய நூலைக் கார்போனி அவ்விடத்திலேயே விற்றார். லத்தீனும் இத்தாலியும் இடையிடையே கலந்த நடை. தம்மைப் பற்றிய பெருமிதத்துக்கும் சக கிளர்ச்சியாளர் சிலர்மீது காட்டும் எரிச்சலுக்கும் அதில் குறைவில்லை. ஆயினும், களத்தில் இருந்த ஒருவர் எழுதிய முழு நீள வரலாறு அது என்பதால், யுரேகாவை ஆராய்பவர்கள் அதை ஒதுக்கிவிட முடிவதில்லை.