கந்தையானாலும் கசக்கிக் கட்டு
(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எங்கள் வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு ஓய்ந்துபோயிருக்கும் நூலக ஊழியர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் என் வாடிக்கையாளர்களே, எல்லோருக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மா இன்னொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன். பழைய புத்தகம் எங்கிருந்து வருகிறது, விலை எப்படி வைக்கிறோம், விற்க இடம் எங்கே.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பார் என் அப்பா. அவர் சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். 1900இல் திறந்த மார்க்கெட், 1985 மே 30ஆம் தேதி எரிந்தது. இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு சாக்கு மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே ஓரம் கருகிய, தண்ணீரில் ஊறிய புத்தகங்கள். மொட்டை மாடியில் உலர்த்தி, கருகிய ஓரத்தை பைண்டிங் கடையில் வெட்டி, மைதா பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் கலந்து ஒட்டி, ஒவ்வொன்றாக விற்றார். எங்கள் குடும்பம் பைகிராஃப்ட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய பாரதி சாலையில், ஞாயிறுதோறும் தார்ப்பாய் விரித்தது அப்படித்தான். அதற்கு முன்பே அங்கே பழைய புத்தகம் விற்றார்கள். ஏழாம் வகுப்பில் எனக்கு வேண்டிய பாடப் புத்தகத்தை அந்த நடைபாதையில்தான் வாங்கினேன். எனக்கு இப்போது அறுபத்தாறு வயது.

சரி, ஒரு சம்பவம் சொல்கிறேன். இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய அகராதியான தமிழ் லெக்சிகன் உங்களுக்குத் தெரியும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், லட்சத்துக்கும் மேல் சொற்கள். ஒருமுறை பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட கட்டில் அது எனக்குக் கிடைத்தது. ஐந்து தொகுதிகள் இருந்தன, நான்காவது இல்லை. உடைந்த செட்டை விற்க மனம் வரவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில், விளக்குக் கம்பத்தை ஒட்டி அடுக்கி வைத்தேன். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர் ஒருவர் வந்தார். வாங்கக் காசில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல் பார்ப்பார், நோட்டில் எழுதிக்கொள்வார். தேடிய சொல் நான்காம் தொகுதிக்குரியது என்றால், சின்னச் சீட்டில் அதை எழுதி மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் செருகிவிட்டுப் போவார். போகும்போது, "அண்ணே, நாலு வந்துச்சா?" என்பார். "இன்னும் இல்ல தம்பி" என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போணி பண்ணினேனோ இல்லையோ, இந்தக் கேள்வி வந்துவிடும்.

படிப்பு முடித்து விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். அப்புறம் மாதம் ஒருமுறைதான் வருவார். கேள்வி மட்டும் மாறவில்லை. பதினோரு வருஷம் ஆயிற்று. ஒருநாள் திருவொற்றியூரிலிருந்து வந்த மூட்டையில் அட்டையே இல்லாமல் ஒரு தடிப் புத்தகம். புரட்டினேன், நாலு! முதல் சில தாள்களைப் பூச்சி தின்றிருந்தது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு. தைத்து, கலிக்கோ துணி ஒட்டி வைத்தேன். அடுத்த மாதம் வந்தார், வாயைத் திறப்பதற்குள் நீட்டினேன். நம்ப மாட்டீர்கள், மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் தொகுதியை எடுத்து, மஞ்சளாகிப்போன சீட்டுகளை உருவி, அதே விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். மொத்தம் முப்பத்தெட்டுச் சீட்டு. நாங்கள் தார்ப்பாய் சுருட்டும்வரை பார்த்தார். விலை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையிலிருந்ததைக் கொடுத்தார், ஆறையும் கட்டிக் கொடுத்தேன்.

நூலகத்தில் நின்று பேசுகிறோம். "ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர்" என்று சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931இல் விதியாகவே எழுதினார். அந்த நாலாம் தொகுதி தன் வாசகரைச் சேர்ந்தது எப்படி? பதினோரு வருஷமும் நாங்கள் அதே விளக்குக் கம்பத்தடியில் இருந்தோம். எங்களை வேறு இடத்துக்குத் தள்ளியிருந்தால் அவர் எங்கே வந்து கேட்டிருப்பார்?

ஒரு ஞாயிறு காலை லாரி வந்து எங்கள் கட்டுகளைப் பறிமுதல் என்று அள்ளிக்கொண்டு போயிற்று. மீட்டபோது பாதி மழையில் நனைந்திருந்தது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். அழுகாத பொருளை, கேட்ட இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்புச் சந்தையை, அதாவது விற்பவரும் வாங்குபவரும் வழக்கமாகக் கூடும் இடத்தை, பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது. இது சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இருக்கிறது. கவுன்சிலர் அம்மா, அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் எங்கள் நடைபாதைக்காக இதை எடுத்துப் பேசுங்கள். கந்தையைக் கசக்கிக் கட்ட நாங்கள் தயார், உட்கார்ந்து கட்ட இடம் வேண்டும்.

விலையைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. பெயர், முகவரி, எத்தனை வருஷமாக அங்கே புத்தகம் வாங்குகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா என் மகளிடம் இருக்கிறது.