கட்டண உயர்வை எதிர்த்த நகரம்: கிளீவ்லாந்து நடத்திய மின்சாரப் போராட்டம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மின்சாரத்துக்கோ குடிநீருக்கோ கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் உள்ளாட்சி மன்றம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுகிறது. உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பாராமல் ஆதரிக்கிறார்கள். நகல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகிறது. ஆணையம் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, நிறுவனம் கேட்டதில் சிறிது குறைத்து உயர்வுக்கு அனுமதி அளிக்கிறது. உலகின் பல நாடுகளில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நியாயமான விலை எது என்பதைத் தன் சொந்த விநியோகத்தின் மூலமும் தன் சொந்தக் கணக்கின் மூலமும் காட்ட முடிந்த நகரம்தான் கட்டண உயர்வை மெய்யாகவே எதிர்க்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கருத்துக்கு ஆதாரமாக, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நடத்திய மின்சாரப் போராட்டத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் மாநிலத்தில் மின்விநியோகம் மாநில அரசின் நிறுவனத்திடம் இருக்கிறது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் பணம் கட்டும் நுகர்வோர் என்ற நிலையிலேயே ஊராட்சியும் நகராட்சியும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. அங்கே பெரும்பாலான மக்களுக்குப் பங்குதாரர்களின் தனியார் நிறுவனங்கள் மின்சாரம் தருகின்றன. அவற்றின் கட்டணத்தை மாநில ஆணையங்கள் நிர்ணயிக்கின்றன. ஆனால் ஏறத்தாழ 2000 ஊர்களில் மின்விநியோகம் பொது உடைமையாக, பெரும்பாலும் நகராட்சியின் கையிலேயே இருக்கிறது. ஒஹாயோவின் அரசியலமைப்பு 1912இல் திருத்தப்பட்டபோது, மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களைச் சொந்தமாக வைத்து நடத்தும் உரிமை நகரங்களுக்கு வெளிப்படையாக வழங்கப்பட்டது. இனி நான் சொல்லப்போகும் அனைத்தும் அந்த உரிமையின் மேல் நிற்கிறது.

ஈரி ஏரியின் தென்கரையில் எஃகாலும் எண்ணெயாலும் வளர்ந்த நகரம் கிளீவ்லாந்து. 1901 முதல் 1909 வரை அதன் மேயராக இருந்த டாம் ஜான்சன், டிராம் கம்பெனிகளை நடத்திப் பெரும் பணம் சம்பாதித்தவர். ஏகபோகம் எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்தே அறிந்த அந்த மனிதர், டிராமும் மின்சாரமும் நகரத்துக்கே சொந்தமாக வேண்டும் என்று வாதாடியதில் எனக்கு வியப்பில்லை. அவர் காலத்தில் அண்டை ஊர் ஒன்று நகரத்தோடு இணைந்தபோது அதன் சிறிய மின்நிலையமும் கூடவே வந்தது. நகராட்சி மின்சாரம் அங்கிருந்து தொடங்கியது. அவருடைய வழியில் வந்த நியூட்டன் பேக்கர் 1911இல், மூன்று செண்டுக்கு ஒரு யூனிட் என்ற வாக்குறுதியோடு தேர்தலில் நின்று மேயரானார். 1914இல் திறக்கப்பட்ட நகராட்சியின் புதிய மின்நிலையம் அந்த விலையில் மின்சாரம் விற்றது. மக்கள் அதை மியூனி லைட் என்று அழைத்தார்கள்.

மியூனி லைட் ஒருபோதும் நகரம் முழுவதற்கும் மின்சாரம் தந்ததில்லை. பிற்காலத்தில் அது நகரத்தின் ஐந்தில் ஒரு பங்கு நுகர்வோருக்கே வழங்கியது. மற்றவர்கள் கிளீவ்லாந்து எலெக்ட்ரிக் இல்லுமினேட்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். ஆனாலும் ஒரே தெருவில் இரண்டு கம்பிகள் ஓடின, ஒரே தெருவில் இரண்டு விலைகள் இருந்தன. தனியார் நிறுவனம் உயர்வு கேட்டபோதெல்லாம், பக்கத்து வீட்டு பில் அதற்கு எதிரான சாட்சியாக நின்றது. எந்தத் தீர்மானத்தாலும் எந்த வழக்கறிஞராலும் செய்ய முடியாத வேலையை அந்தப் பக்கத்து வீட்டு பில் செய்தது. அந்த ஐந்தில் ஒரு பங்கை நிறுவனம் ஏன் அத்தனை பிடிவாதத்துடன் துரத்தியது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

துரத்திய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டண உயர்வும் சேவைக் குறைப்பும் எப்படி ஒன்றுக்கொன்று கருவியாகின்றன என்பது இங்கேதான் தெளிவாகிறது. எந்த மின்நிலையமும் சில நேரம் பழுதாகும். அப்போது அண்டை அமைப்பிலிருந்து மின்சாரம் பெற இணைப்பு வேண்டும். மியூனி லைட்டைச் சுற்றிலும் இருந்தது அந்தத் தனியார் நிறுவனம் மட்டுமே. 1960களில் நகரம் இணைப்புக் கேட்டபோது நிறுவனம் முன்வைத்த நிபந்தனை, மியூனி லைட் தன் கட்டணத்தைத் தனியார் கட்டணத்துக்குச் சமமாக உயர்த்த வேண்டும் என்பதாகும். நகரம் மறுத்தது, இணைப்பு கிடைக்கவில்லை. இயந்திரங்கள் பழையனவாகி, மின்தடை அடிக்கடி நேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் மலிவான நீர்மின்சாரத்தை வாங்க நகரம் முயன்றபோது, அதைத் தன் கம்பிகளின் வழியே கொண்டுவர நிறுவனம் மறுத்துவிட்டது. மின்தடையால் சலித்த வாடிக்கையாளர்கள் தனியார் நிறுவனத்துக்கு மாறினார்கள், வருமானம் குறைந்தது, வருமானம் குறைந்ததால் பழுதுபார்ப்பும் குறைந்தது. நகராட்சியால் மின்சாரம் நடத்த முடியாது என்ற பேச்சு அதன்பின் ஊரெங்கும் எளிதாகப் பரவியது.

நகராட்சி நிர்வாகத்தின் பங்கையும் நான் மறைக்கப்போவதில்லை. பல ஆண்டுகள் நகர ஆட்சியாளர்கள் தங்கள் மின்நிலையத்துக்கு வேண்டிய முதலீட்டைச் செய்யவில்லை. மத்திய மின் ஆணையம் 1970களின் தொடக்கத்தில் இணைப்புத் தர உத்தரவிட்ட பிறகும், வாங்கிய மின்சாரத்துக்கான பணத்தை நகரம் உரிய காலத்தில் கட்டவில்லை. நிலுவை ஒரு கோடி டாலரைத் தாண்டியது. 1977இல் மியூனி லைட் தன் சொந்த உற்பத்தியையே நிறுத்திவிட்டு, வாங்கி விற்கும் அமைப்பாகச் சுருங்கியது. எதிர்த்து நிற்க விரும்பும் ஓர் உள்ளாட்சி, எதிராளியிடமே கடன்பட்டு நிற்பது போன்ற பலவீனம் வேறொன்றும் இல்லை.

ஆயினும் நகரம் சட்ட வழியைக் கைவிடவில்லை. 1975இல், ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் 32 கோடியே 50 லட்சம் டாலர் இழப்பீடு கோரி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அதே காலத்தில் வேறொரு மன்றத்திலும் இந்த விவகாரம் விசாரிக்கப்பட்டது. அணுமின் நிலையத்துக்கு உரிமம் கேட்கும் நிறுவனம் சந்தைப் போட்டியை நசுக்குகிறதா என்பதையும் ஆராய வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் அப்போது விதித்திருந்தது. இந்த நிறுவனமோ டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி ஆகிய அணுமின் நிலையங்களில் பங்காளி. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிம வாரியம் 1977 ஜனவரியில் அளித்த முடிவில், நிறுவனம் போட்டிக்கு எதிராக நடந்துகொண்டதை உறுதிசெய்தது. நகராட்சி மின்சாரத்தைக் குறைத்து, கடைசியில் ஒழித்துவிடுவதே நோக்கம் என்பது நிறுவனத்தின் உள் ஆவணங்களிலேயே எழுதப்பட்டிருந்தது.

இத்தகைய முடிவு வந்த அதே காலகட்டத்தில், மேயர் ரால்ஃப் பெர்க், வழக்கைக் கைவிட்டு மியூனி லைட்டை அந்த நிறுவனத்துக்கே விற்க ஒப்புக்கொண்டார். விற்பனையை எதிர்த்து வீடுவீடாகக் கையெழுத்துத் திரட்டிய டென்னிஸ் குசினிச் என்ற இளைஞர், 1977 நவம்பரில் 31 வயதில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விற்பனையை ரத்துசெய்வதே அவர் மக்களுக்குக் கொடுத்த வாக்கு, ரத்தும் செய்தார்.

உடனே நிலுவைத் தொகை ஆயுதமானது. நீதிமன்ற ஆணையின்பேரில் மத்திய மார்ஷல்கள் நகராட்சியின் வாகனங்களையும் கருவிகளையும் ஜப்திக்கு அடையாளமிட்டார்கள். குசினிச் மற்றச் செலவுகளை வெட்டி அந்தக் கடனை அடைத்தார். அவருடைய ஆட்சிமுறையில் அவசரமும் கடுமையும் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். தாமே நியமித்த காவல்துறைத் தலைவர் ரிச்சர்ட் ஹொங்கிஸ்டோவை 1978ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று தொலைக்காட்சி நேரலையில் பதவிநீக்கம் செய்தார். அதன் தொடர்ச்சியாக வந்த திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் வெறும் 236 வாக்குகளில் தப்பினார். ஒரு பெரிய நிறுவனத்தோடு மோதும்போது மன்றத்தில் தன் பக்கம் சேரக்கூடியவர்களையும் பகைத்துக்கொண்டது அவர் செய்த பிழை.

1978 டிசம்பர் 15 அன்று, ஆறு உள்ளூர் வங்கிகளுக்கு நகரம் தர வேண்டிய 1 கோடியே 40 லட்சம் டாலர் குறுகியகாலக் கடனுக்குத் தவணை நாள். இந்தக் கடன் குசினிச் வாங்கியதன்று. கடன் பத்திரங்களால் திரட்டிய நிதியை அன்றாடச் செலவுக்குத் திருப்பிவிட்ட முந்தைய ஆட்சி விட்டுச்சென்றது. அத்தகைய கடன்களை வங்கிகள் வழக்கமாகப் புதுப்பித்துத் தரும். அந்த வங்கிகளில் முதன்மையானது கிளீவ்லாந்து டிரஸ்ட். மின் நிறுவனத்துக்கும் அதற்கும் பொதுவான இயக்குநர்கள் இருந்தார்கள். மியூனி லைட்டை விற்றால் கடனைப் புதுப்பிப்பதாக வங்கியின் தலைவர் ப்ராக் வியர் தம்மிடம் சொன்னதாகக் குசினிச் கூறினார். வியர் அதை மறுத்தார். நான்கு சுவருக்குள் நடந்த அந்தப் பேச்சைப்பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். குசினிச் விற்கவில்லை, வங்கிகள் புதுப்பிக்கவில்லை. அன்று நள்ளிரவில் கிளீவ்லாந்து கடன் தவறிய நகரமானது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றுக்கு அந்த நிலை நேர்ந்தது அதுவே முதல்முறை.

இனி மக்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். 1979 பிப்ரவரி 27 அன்று அவர்கள் முன் இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டன. நகர வருமான வரியை ஒரு சதவீதத்திலிருந்து ஒன்றரைச் சதவீதமாக உயர்த்தலாமா? மியூனி லைட்டை விற்கலாமா? ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த, வேலைகள் போய்க்கொண்டிருந்த தொழிலாளர் நகரம் அது. அந்த மக்கள் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் விற்பனையை நிராகரித்தார்கள். வரி உயர்வை ஏற்றுக்கொண்டார்கள். கட்டண உயர்வை எதிர்ப்பவர்கள் எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்பவர்கள் என்று சொல்லுவோர் இந்த வாக்கெடுப்பைப் படிக்க வேண்டும். கணக்கு தங்கள் முன் திறந்து வைக்கப்பட்டால், தங்கள் சொத்தைக் காக்கத் தாங்களே பணம் கொடுக்க மக்கள் முன்வருகிறார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜ் வொய்னோவிச்சிடம் குசினிச் தோற்றார். 1975இல் தொடுத்த வழக்கும் வெற்றிபெறவில்லை. முதல் விசாரணையில் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை, 1981இல் இரண்டாம் விசாரணையில் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் வந்தது. ஆனால் மியூனி லைட் நகரத்திடமே இருந்தது. 1983இல் அதற்குக் கிளீவ்லாந்து பப்ளிக் பவர் என்று பெயர் மாறியது. பிறகு புதிய பகுதிகளுக்கும் அதன் கம்பிகள் நீண்டன. 1998இல் நகர மன்றம், அதை விற்க மறுத்ததற்காகக் குசினிச்சைப் பாராட்டிக் கௌரவித்தது.

தனியார் நிறுவனமோ, பிற மின் நிறுவனங்களோடு ஒன்றிணைந்ததன் வழியாக 1997இல் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற பெருநிறுவனத்தின் பகுதியானது. 2019இல் ஒஹாயோ சட்டமன்றம், அதே டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி நிலையங்களைக் காப்பாற்ற நுகர்வோரின் பில்லில் கூடுதல் கட்டணம் சேர்க்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் பின்னணியில் சுமார் 6 கோடி டாலர் லஞ்சம் புரண்டிருந்தது. சட்டமன்றத் தலைவராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டர் 2023இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நிறுவனம் 2021இல் தன் பங்கை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது. கட்டணத்தை நிர்ணயிக்கும் இடம் மாநிலத் தலைநகருக்குப் போனபின், அங்கே நகரங்களின் எதிர்ப்புக் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

பொது உடைமை என்பதாலேயே கிளீவ்லாந்து பப்ளிக் பவரின் கட்டணம் என்றும் குறைவாக இருந்துவிடவில்லை. இல்லினாய் மாநிலத்தில் 2012இல் இயங்கத் தொடங்கிய ப்ரெய்ரி ஸ்டேட் நிலக்கரி மின்நிலையத்திலிருந்து நீண்டகாலத்துக்கு மின்சாரம் வாங்க அது ஒப்பந்தம் செய்துகொண்டது. சந்தையில் மின்சாரம் மலிந்த காலத்தில் அந்த ஒப்பந்தம் சுமையாயிற்று. அதன் வாடிக்கையாளர்களே பில்லில் சேர்க்கப்பட்ட கூடுதல் கட்டணங்களை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். அவர்கள் சென்றது சரியே. முன்பு தனியார் நிறுவனத்திடம் கணக்குக் கேட்ட நகர மன்றம், இப்போது தன் மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறது. எந்த ஒப்பந்தம், எத்தனை ஆண்டுக்கு, யூனிட்டுக்கு என்ன விலையில் போடப்பட்டது என்பதைப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். பில்லில் இருக்கும் ஒவ்வொரு தொகைக்கும் நிர்வாகம் விளக்கம் தர வேண்டும். விளக்கம் போதாதபோது, 1979இல் வாக்குச் சீட்டால் அந்த அமைப்பைக் காத்த அதே மக்கள், அதை நடத்துகிறவர்களை வாக்குச் சீட்டால் மாற்றவும் உரிமையுள்ளவர்கள்.